வெள்ளெழுத்தும் வெல்டிங்கும்

உடுமலைப்பேட்டையில் இரும்பு வேலைக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. பழனி ரோட்டில் போனால் கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை. திருமூர்த்தி மலைப் பக்கம் தென்னந்தோப்புகளும் கயிறு ஆலைகளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நிற்கும் காற்றாலைகள். 1984இல் சுகுணா நிறுவனம் இந்த ஊரில் சின்னதாகக் கோழிப்பண்ணை தொடங்கிய பிறகு, தோட்டத்துக்குத் தோட்டம் எழுந்த கோழிச் செட்டுகள். கரும்பு டிரெய்லரின் கொக்கி விட்டுப்போனாலும், ஒன்பது கொத்துக் கலப்பையின் கால் முறிந்தாலும், செட்டின் டிரஸ் ஆட்டம் கண்டாலும் "ஏனுங்க, இதைக் கொஞ்சம் பத்த வெச்சுக் குடுங்க" என்று வந்து நிற்கும் இடம் வெல்டிங் பட்டறைதான்.

அப்படியொரு பட்டறையைத் தாராபுரம் ரோட்டில் ஆயுசின் பெரும்பகுதி நடத்தியவர் ஒருவர். ஊருக்கு அவர் மேஸ்திரி. இங்கேயும் அந்தப் பேரே இருக்கட்டும். நாற்பதைத் தாண்டினால் வெல்டரின் கண் என்ன ஆகும், அதற்கு என்ன செய்துகொள்ளலாம் என்பதை மேஸ்திரி வேலை செய்துதான் தெரிந்துகொண்டார். பட்டறைக்கு வருகிறவர்களிடம் அந்தக் காலத்தை நினைவுபடுத்திப் பேசும்போது, மெஷின்களைப் பற்றிச் சொல்வதைவிடக் கண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்.

இளவட்டமாக இருந்தபோது கண்ணைப் பற்றி அவர் யோசித்ததே கிடையாது. சர்க்கரை ஆலைகளுக்கு ஆர்சிங் வேலைக்குப் போவார். கரும்பு பிழியும் ரோலரின் பற்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் கரும்பு வழுக்கும், பிடி கிடைக்காது. அதற்காக ரோலர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, சாறும் தண்ணியும் வழிகிற அந்தப் பற்களின் மேல் ராடை வைத்துச் சொரசொரப்பாகப் பொட்டுப் பொட்டாக உலோகத்தை ஏற்ற வேண்டும். ஓடுகிற இரும்பில், நனைந்த இரும்பில், இடம் தவறாமல் வைக்க வேண்டிய வேலை. இருபத்தைந்து வயதில் அதைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்தார்.

கண்ணுக்கு வந்த ஒரே தொந்தரவு "அடிச்சுடுச்சு" என்பதுதான். கருப்புக் கண்ணாடி வைத்த கைத்தடுப்பான ஸ்கிரீனை முகத்துக்குக் கொண்டுவருவதற்குள் பக்கத்துப் பையன் ஆர்க் அடித்துவிடுவான். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுவதால் வருவது அது. உருளைக்கிழங்கைச் சீவி வைத்துக்கொள்வார்கள். தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விடுவோரும் உண்டு. தாய்ப்பால் விடுவது கிருமித் தொற்றில் கொண்டுபோய் விடலாம் என்று கண் மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் அந்தத் தோல் தானாக ஆறிவிடும். ஆறிவிடுவதாலேயே கண் என்பது கெடாத சாமான் என்ற எண்ணம் பட்டறைகளில் ஊறிப்போய்விட்டது.

நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு வயதில் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்க ஆரம்பித்தார் மேஸ்திரி. ராடு பாக்கெட்டில் பத்து கேஜா பன்னிரண்டு கேஜா என்று பார்க்க வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வெயிலில் தெரிந்ததால் கண் நன்றாக இருக்கிறது என்றே நம்பினார். கோளாறு தெரிய வந்தது ஒரு தண்ணி டேங்கில்.

பூளவாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் டிராக்டரில் இழுக்கும் டேங்கர் செய்யச் சொல்லியிருந்தார். தகடு வளைத்து, டேக் அடித்து, நீளவாக்கு மூட்டை மேஸ்திரியே ஓட்டினார். பார்வைக்கு அருமையான பீடிங். சிலாக்கைத் தட்டினால் மீன் செதில் அடுக்கினாற்போல ஒரே சீராக வந்திருந்தது. வழக்கப்படி வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மூட்டின் மேல் மண்ணெண்ணெய் தடவினார்கள். தண்ணி போகாத துளையிலும் மண்ணெண்ணெய் போகும். போனால் சுண்ணாம்பில் ஈரப்பொட்டு தெரியும். கொஞ்ச நேரத்தில் பொட்டு தெரிந்தது. அப்புறம் அது கோடாக நீண்டது.

பட்டறைப் பையன் ஏ.ஜி.4 கிரைண்டரை எடுத்து அந்த இடத்தை இழைத்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஏனுங்ணா, கோட்டை உட்டு அரை நூல் தள்ளி ஓடியிருக்குதுங்."

அரை நூல் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர். மேலே பீடிங் பளபளவென்று இருக்கிறது. அடியில் இரண்டு தகடும் சந்திக்கும் கோடு உருகாமல் அப்படியே கிடக்கிறது. டேங்க்காரர் நல்ல மனுசர். "பரவால்லீங் மேஸ்திரி, மறுக்கா வெச்சுக் குடுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி மேஸ்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டம்மா பின்னாளில் சொல்வார். கை நடுங்கவில்லை, ராடின் கோணம் மாறவில்லை, கரண்ட் சரியாக இருந்தது. அப்படியிருந்தும் தள்ளிப்போயிருக்கிறதே என்பதுதான் அவரை வாட்டியது.

காரணம் கையில் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் இளகி இருக்கும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது உப்பிக்கொடுத்துப் பார்வையைக் கூர்மையாக்கும். வயது ஏற ஏற அது விறைக்கிறது. பத்து வயதுப் பிள்ளை எட்டு சென்டிமீட்டர் பக்கத்தில் பிடித்துக்கூடப் படித்துவிடும். நாற்பது வயதில் அந்தத் தூரம் சுமார் இருபது சென்டிமீட்டர். ஐம்பதில் அரை மீட்டரை எட்டிவிடும். வெல்டருக்கும் ஜாப்புக்கும், அதாவது பற்றவைக்கும் இரும்புக்கும், நடுவே இருக்கும் இடைவெளி பெரும்பாலும் முப்பத்தைந்திலிருந்து ஐம்பது சென்டிமீட்டர். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஏதோ ஒரு நாளில் மூட்டின் கோடு எல்லோருக்கும் மங்கத்தான் செய்யும். இதுதான் வெள்ளெழுத்து. அதற்குத் தப்பியவர் யாரும் இல்லை.

வாசல் வெயிலில் தெரிந்த எழுத்து பட்டறைக்குள் தெரியாததற்கும் காரணம் உண்டு. வெளிச்சத்தில் கண்மணித் துளை சுருங்கும். துளை சுருங்கினால் லென்ஸின் குறை ஓரளவு மறைந்துவிடும். கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு, துளை விரியும், மறைந்திருந்த குறை முழுசாக வெளியே வரும். போதாததற்கு, அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே பேப்பர் படிக்க முடிகிற கண் வெல்டிங்குக்கும் போதும் என்று நம்புவது தப்புக் கணக்கு.

வெல்டரின் கண்ணுக்கு என்ன வேலை என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பார்க்க வேண்டியது ஆர்க்கை அல்ல. ஆறாயிரம் டிகிரி அளவுக்குச் சுடுகிற அந்த வெள்ளைப் பொறிக்குக் கீழே, கால் அங்குல அகலத்தில் உருகிக் கிடக்கும் உலோகக் குட்டையை. அதன் முன்விளிம்பு இரண்டு பக்கத் தகட்டையும் சரியாகக் கவ்வுகிறதா, பின்னால் சிலாக் முந்திக்கொண்டு வந்து விழுகிறதா, அடுத்துப் போக வேண்டிய கோடு எங்கே இருக்கிறது என்று மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கருப்புக் கண்ணாடி வழியே பச்சை இருட்டில் தெரிவது விரற்கடை அளவு வெளிச்சம் மட்டும். அதற்குள் சிலாக்குக்கும் உருகிய இரும்புக்கும் உள்ள வித்தியாசம் நிறத்தில் ஒரு சின்ன மாற்றம், ஓட்டத்தில் ஒரு சின்ன மாற்றம். மங்கலான கண்ணுக்கு முதலில் காணாமல் போவது முன்னால் இருக்கும் கோடு. குட்டை தெரிந்துகொண்டே இருப்பதால் எல்லாம் தெரிகிறது என்ற நம்பிக்கையில் கை போய்க்கொண்டே இருக்கும். மேஸ்திரியின் டேங்கில் நடந்தது அதுதான்.

அவர் முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுதான். சந்தையில் தரையில் துணி விரித்து விற்கும் ரெடிமேட் கண்ணாடி ஒன்றை வாங்கினார். இதைக் கேவலமாகப் பேச ஒன்றுமில்லை. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் வேண்டும், சிலிண்டர் பவர் கிடையாது என்றால் அந்த மலிவுக் கண்ணாடியே நல்ல உதவிதான். மேஸ்திரிக்கு இரண்டு கண்ணும் வேறு வேறு. அரை மணி நேரத்தில் தலைவலி வந்தது.

அடுத்து ஒரு கடையில் பைஃபோக்கல் போட்டுக் கொடுத்தார்கள். டவுனுக்குப் போக, கணக்கு நோட்டு எழுத அருமையாக இருந்தது. ஸ்கிரீனைப் பிடித்தவுடன் வம்பு ஆரம்பித்தது. படிக்கும் பவர் கண்ணாடியின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. ஸ்கிரீனின் ஜன்னலோ நேர் எதிரே. கோடு தெரிய வேண்டுமானால் தாடையைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் மடக்கி, மூக்குத் தண்டு வழியாகப் பார்க்க வேண்டும். கோழிச் செட்டில் சாரத்தின் மேல் நின்று தலைக்கு மேலே டிரஸ்ஸைப் பற்றவைக்கும்போது அதுவும் முடியாது. அண்ணாந்து பார்த்தால் கண் நேராக மேல்பாதிக் கண்ணாடி வழியே போகும். அங்கே தூரப் பார்வைக்கான பவர்தான் இருக்கும். ஒரு வருஷம் கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்தார்.

விடை ஒரு கண் முகாமில் கிடைத்தது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997இல் கோயம்புத்தூருக்கும் வந்தது. அந்த மாதிரி மருத்துவமனைகளும் பொதுச் சேவை அமைப்புகளும் சேர்ந்து ஊர் ஊராக முகாம் போட்டு, கொங்கு நாட்டில் கண் பரிசோதனையைத் திண்ணைக்கே கொண்டுவந்து சேர்த்த காலம் அது. முகாமில் கண் சோதித்த பெண், "என்ன வேலை செய்யறீங்க ஐயா?" என்று கேட்டார். சொன்னார். "இரும்பு உங்க கண்ணுல இருந்து எவ்வளவு தூரத்துல இருக்கும்?" என்பது அடுத்த கேள்வி. மேஸ்திரிக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. பட்டறைக்கு வந்து உட்கார்ந்து, ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டு, பையனை டேப் பிடிக்கச் சொன்னார். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்.

அந்த எண்ணில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தூரப் பார்வையில் குறையில்லாத ஒருவருக்கு 2.5 பவர் லென்ஸ் நாற்பது சென்டிமீட்டரில் கூர்மை காட்டும். 2 பவர் என்றால் அரை மீட்டரில். 3 பவர் என்றால் முப்பத்துமூன்று சென்டிமீட்டரில். கண் மருத்துவமனையில் படிக்கக் கொடுக்கும் அட்டை சுமார் நாற்பது சென்டிமீட்டருக்கானது. அதை வைத்து எழுதிய பவர் புத்தகம் படிக்கப் பொருந்தும். புது ராடைப் பொருத்திக்கொண்டு எட்டி உட்கார்ந்திருக்கும் வெல்டருக்குச் சில சமயம் பொருந்தாது. வேலைத் தூரத்துக்கென்று, மேலிருந்து கீழ்வரை ஒரே பவராக, தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டார் மேஸ்திரி. கழுத்து வலி போயிற்று. செட்டின் மேலும் கோடு தெரிந்தது. ரோட்டில் நடக்க அது உதவாது என்பதால் ஸ்கிரீனோடு சேர்த்தே ஆணியில் மாட்டிவைப்பார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பித்தார். ஸ்கிரீனில் கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கண்ணாடி பொறி பட்டுப் பட்டுப் புள்ளி விழுந்து, புகையேறி மங்கியிருக்கும். சில ரூபாய்ச் சாமான். மாதக் கணக்கில் மாற்றாமல் ஓட்டுவார்கள். கண் மங்கிவிட்டது என்று அவரிடம் வந்து புலம்பிய இரண்டு மூன்று பேருக்கு அவர் செய்த வைத்தியம், அந்த வெள்ளைக் கண்ணாடியைக் கழற்றிப் புதுசு போட்டது மட்டும்தான்.

கருப்புக் கண்ணாடியின் நம்பரும் அப்படித்தான். ஒரு நம்பர் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். கருப்பு ஏற ஏறக் கண்ணுக்கு நல்லது என்று பத்து கேஜ் ராடுக்கே பன்னிரண்டாம் நம்பர் போட்டுக்கொண்டு தடவுகிறவர்கள் உண்டு. அமெரிக்க வெல்டிங் பாதுகாப்பு விதி, 60 முதல் 160 ஆம்பியர்வரை ராடு வெல்டிங்குக்குக் குறைந்தபட்சம் 8ஆம் நம்பர் என்றும் 10ஆம் நம்பர் வசதி என்றும் சொல்கிறது. கருப்பிலிருந்து ஆரம்பித்து, குட்டை தெளிவாகத் தெரியும்வரை இறங்கி வரலாம். குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே மட்டும் போகவே கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம். வெல்டிங்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரையும் வெல்டிங் புகையையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017இல் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

வெளிச்சம் வேறு. ஆர்க்கே வெளிச்சம்தானே என்பார்கள். ராடைத் தொடுவதற்கு முன் கோடு எங்கே இருக்கிறது என்று காட்ட ஆர்க் வராது. ஒரு 500 வாட் ஹாலஜன் விளக்கை மூட்டின் மேல் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்தார் மேஸ்திரி. வலுவான விளக்கு என்றால் கருப்புக் கண்ணாடி வழியாகவும் கோட்டின் நிழல் லேசாகத் தெரியும். முதுகுப் பக்கம் வெயில் விழுகிற மாதிரி உட்காருவதை விட்டார். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் ஸ்கிரீனுக்குள் நுழைந்து கண்ணாடியில் எதிரொளித்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். ஹெல்மெட் போடும் பையன்களுக்குப் பின்கழுத்தில் ஒரு துணியைத் தொங்கவிடச் சொல்வார். நீள மூட்டு என்றால் கோட்டின் மேல் சாக்பீஸ் தேய்ப்பதோடு, விரற்கடைக்கு ஒரு சென்டர் பஞ்ச் குத்திவைப்பார்.

தானாகக் கருக்கும் ஹெல்மெட் 1981இல் ஸ்வீடனில் ஸ்பீட்கிளாஸ் என்ற பேரில் வந்தது. உடுமலைப் பட்டறைகளுக்கு அது மலிவாக வந்து சேரப் பல வருஷம் ஆனது. ஆர்க் பிடிக்கும்வரை உள்ளிருந்து கோடு தெரிந்துகொண்டே இருக்கும் என்பதால் வயதான வெல்டருக்கு அது பெரிய வரம். அதைவிடக் குறைவான செலவில் ஒன்று உண்டு: ஹெல்மெட்டுக்குள் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடித் துண்டு. ஒன்று முதல் மூன்றுவரை பவரில் கிடைக்கிறது. பொறி படாது, கண்ணாடி போட்டவரும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெல்டிங் கடைகளில் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள், கேட்பவர்கள் குறைவு.

கேட்காததற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. கண்ணாடி போட்ட வெல்டருக்கு வேலை கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயம் எவ்வளவு தப்பு என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. பக்கத்தில் பார்ப்பதற்கு எளிய கண்ணாடி கொடுத்ததில், கொடுக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால் கொழுந்து பறிக்கும் அளவு 21.7 சதவீதம் கூடியது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 31.6 சதவீதம். வங்கதேசத்தில் கைத்தொழில் செய்வோரிடம் நடந்து 2024இல் வெளியான இன்னொரு ஆய்வில் மாத வருமானமே மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. இலை பறிக்கவே அவ்வளவு வித்தியாசம் என்றால், ஒன்றரை மில்லிமீட்டரில் ஒழுக்கு வரும் வேலையில் எவ்வளவு இருக்கும்! 2015 கணக்குப்படி உலகில் வெள்ளெழுத்து உள்ளவர்கள் சுமார் 180 கோடி; அவர்களில் 82 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் தகுந்த கண்ணாடி இல்லை.

பெரிய ஆலைகளில் இன்னொரு முறை இருக்கிறது. வெல்டிங்கைச் சோதிக்கும் ஆய்வாளர்களுக்கு, ஐ.எஸ்.ஓ. 9712 விதிப்படி, பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் வருஷா வருஷம் சோதிக்கப்பட வேண்டும். முப்பது சென்டிமீட்டரில் பொடி எழுத்தைப் படித்துக் காட்ட வேண்டும். கண்ணாடி போட்டுப் படித்தால் போதும். யாரும் குறையாக நினைப்பதில்லை. மூட்டைப் பார்ப்பவருக்கு இருக்கிற இந்த மரியாதை மூட்டைப் போடுபவருக்கும் வேண்டும். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆவது பிரிவு கண் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் தொழிற்கூடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் அங்கே நுழைந்தது. முதலாளியும் இரண்டு பையன்களும் இருக்கும் தாராபுரம் ரோட்டுப் பட்டறைகள் எப்போதும் அதற்கு வெளியேதான். தொழில் சங்கங்களும் ஐ.டி.ஐ.க்களும் கண் முகாம் நடத்துகிறவர்களும் மனசு வைத்தால் அந்த இடைவெளியை அடைத்துவிடலாம்.

அறுபதைத் தாண்டியதும் மேஸ்திரிக்கு வேறொரு மங்கல் வந்தது. கண்ணாடி மாற்றியும் தெளியவில்லை; ஆர்க்கைச் சுற்றி வெள்ளையாகப் புகை படர்ந்த மாதிரி இருந்தது; ராத்திரி லாரி வெளிச்சம் சிதறியது. அது கண்புரை. மங்கல் இந்த விதத்தில் இருந்தால் விளக்கும் பூதக்கண்ணாடியும் தேடிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் உள்விழி லென்ஸை இங்கேயே செய்து விலையை இறக்கிய பிறகு, அந்த அறுவை சிகிச்சை சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டுகிற ஒன்றாகிவிட்டது. வழக்கமாக வைக்கும் லென்ஸ் ஒரே தூரத்துக்கானது. பக்கத்து வேலைக்குக் கண்ணாடி தேவைப்படும். இதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டார் மேஸ்திரி. கட்டுப் பிரித்த பிறகு, அதே நாற்பத்தெட்டு சென்டிமீட்டருக்குப் புதுக் கண்ணாடி எழுதி வாங்கினார். எழுபதை நெருங்கும் வயதிலும் மெல்லிய தகடு மூட்டு வந்தால் பையன்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நாற்பதைத் தொட்ட வெல்டர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, ஸ்கிரீனைப் பிடித்து, ராடை ஜாப்பில் வையுங்கள். கண்ணிலிருந்து ராடு நுனிவரை பக்கத்தில் இருப்பவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.